கையில் ஸ்காலர்ஷிப், மனசில் அடுத்த வருஷம்: லா ஸ்கூல் ஆஃபரை ஏற்பதா, மறுபடி விண்ணப்பிப்பதா?

மார்ச் மாதக் கடைசி வாரம். என் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃபை அனுப்பிவிட்டு, நான் அதைத் திறப்பதற்குள் போனும் பண்ணினாள். "அக்கா, வருஷத்துக்கு 35,000 டாலர் ஸ்காலர்ஷிப் தர்றாங்க!" மூன்று வருடத்துக்கு 1,05,000 டாலர். சித்தப்பா அதை ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். இரண்டே நாளில் மறுபடி போன். இப்போது குரலில் அந்தத் துள்ளல் இல்லை. "ஒரு வருஷம் பொறுத்து எல்சாட்டைத் திரும்ப எழுதினா இதைவிடப் பெரிய ஸ்கூல் கிடைக்கும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. இதை விட்டுடலாமா?"

அமெரிக்காவில் ஜே.டி. என்ற மூன்று வருடச் சட்டப் பட்டம் படிக்க, எல்சாட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி விண்ணப்பித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஏப்ரல் முழுக்க இதே பேச்சுத்தான். நான் வழக்கறிஞர் இல்லை, கணக்குப் பார்க்கிற வேலையில் இருப்பவள். அன்று அவளோடு உட்கார்ந்து பார்த்ததையும், அதற்கப்புறம் தெரிந்தவர்களின் பிள்ளைகள் இரண்டு மூன்று பேருக்குப் பார்த்துச் சொன்னதையும் வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "நல்ல ஸ்கூலா, பணமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் இந்த விவாதம் முடியவே முடியாது. "அடுத்த வருஷம் இதே நேரத்தில் என் விண்ணப்பத்தில் எந்த எண் மாறியிருக்கும்?" என்று கேளுங்கள். அந்த எண்ணை ஒரு தாளில் எழுத முடியவில்லை என்றால் காத்திருப்பதில் அர்த்தம் இல்லை.

கடிதத்தைக் கடைசி வரி வரை படியுங்கள்

சித்தி மகளின் கடிதத்தில் முதல் பத்தி வாழ்த்து, இரண்டாவது பத்தி தொகை. மூன்றாவது பத்தியில், முதலாண்டு முடிவில் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 3.0க்குக் குறையாமல் இருந்தால்தான் ஸ்காலர்ஷிப் தொடரும் என்று ஒரே ஒரு வாக்கியம். வீட்டில் நாலு பேர் அந்தக் கடிதத்தைப் படித்திருந்தார்கள். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

3.0 என்றதும் நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். கல்லூரியில் 3.8 வாங்கியவர்கள் ஆயிற்றே! ஆனால் லா ஸ்கூலில் முதலாண்டு மதிப்பெண்கள் வளைவின்படி போடப்படுகின்றன. வகுப்பின் சராசரி இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று பள்ளியே முன்கூட்டி முடிவு செய்துவிடும். அந்தச் சராசரியே 3.0 என்றால், எல்லாரும் எவ்வளவு உழைத்தாலும் ஏறக்குறைய பாதிப் பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். வகுப்பில் உள்ள மற்றவர்களும் உங்களைப் போலவே ஸ்காலர்ஷிப் வாங்கிக்கொண்டு வந்த கெட்டிக்காரர்கள் என்பதை மறக்க வேண்டாம். சராசரி 3.3 ஆக இருக்கும் பள்ளியில் அதே 3.0 பெரிய மிரட்டல் இல்லை. ஆகவே நிபந்தனை எண்ணைத் தனியாகப் பார்க்காமல், முதலாண்டு வளைவின் சராசரி என்ன என்று பள்ளியிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். "வகுப்பில் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வர வேண்டும்" என்று போட்டிருந்தால் நான் அதைப் பாதி ஸ்காலர்ஷிப்பாகத்தான் மதிப்பேன்.

"குட் ஸ்டாண்டிங்கில் இருந்தால் போதும்" என்று மட்டும் இருந்தால் பயமில்லை. பள்ளியை விட்டு நீக்கப்படாத அளவுக்கு மதிப்பெண் இருந்தால் போதும் என்பதுதான் அதன் பொருள்.

கடிதத்திலேயே இன்னொன்றும் பாருங்கள். தொகை டாலரில் நிலையாக இருக்கிறதா, கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்று இருக்கிறதா? பெரும்பாலான பள்ளிகளில் கட்டணம் வருடா வருடம் ஏறும். சதவீதமாக இருந்தால் ஸ்காலர்ஷிப்பும் கூடவே ஏறும், டாலரில் இருந்தால் ஏறாது.

509 அறிக்கையைத் திறங்கள்

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு சட்டப் பள்ளியும் ஆண்டுதோறும் டிசம்பரில் ஒரு தகவல் அறிக்கையை வெளியிட்டாக வேண்டும். சங்கத்தின் 509ஆம் விதி அதைக் கட்டாயமாக்குவதால் எல்லாரும் அதை "509" என்றே சொல்கிறார்கள். பள்ளியின் இணையதளத்தில் அடியில் எங்காவது இருக்கும். வண்ணப் படம் போட்ட விளம்பரப் புத்தகத்தைவிட இந்த வறட்டு பிடிஎஃப்தான் உண்மை பேசும்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது நிபந்தனை ஸ்காலர்ஷிப் அட்டவணை. எத்தனை பேர் நிபந்தனையோடு சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு அது குறைந்தது அல்லது போயே போனது என்று ஆண்டுவாரியாக இருக்கும். நூறு பேரில் ஐந்து பேர் இழந்திருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். நாற்பது பேர் இழந்திருந்தால், உங்கள் கையில் இருப்பது உண்மையில் எத்தனை டாலர் என்று மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து, மானியம் பெற்றவர்களின் 25, 50, 75 சதமானத் தொகைகள், அதாவது கால்வாசி, பாதி, முக்கால்வாசிப் பேர் எந்தத் தொகைக்குக் கீழே வாங்கினார்கள் என்பது. உங்கள் ஆஃபர் அதில் எங்கே விழுகிறது என்று பார்த்தால், பள்ளி உங்களை எவ்வளவு விரும்புகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் எல்சாட், ஜிபிஏ இரண்டுக்கும் உள்ள மீடியன், அதாவது சேர்ந்தவர்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண். இது பின்னால் வேண்டும், குறித்து வையுங்கள்.

வேலைவாய்ப்பு அறிக்கை தனியாக வரும். பட்டம் பெற்று பத்து மாதம் ஆன நிலவரம் அது. அதில் மொத்த சதவீதத்தைப் பார்த்து ஏமாறாமல், முழுநேர, நீண்டகால, வழக்கறிஞர் உரிமம் தேவைப்படும் வேலை என்ற வரிசையை மட்டும் பாருங்கள். எந்த மாநிலங்களில் அதிகம் பேர் வேலைக்குப் போனார்கள் என்பதும் இருக்கும். அமெரிக்காவில் புது வழக்கறிஞர் சம்பளம் ஒரே மேடாக இல்லை, இரண்டு குவியலாக இருக்கிறது. பெரும்பாலானவர்கள் வருடத்துக்கு 1 லட்சம் டாலருக்குக் கீழே ஒரு குவியலில் இருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களுக்குப் போகிறவர்கள் 2,25,000 டாலரை ஒட்டி இன்னொரு குவியலில். நடுவே ஆள் குறைவு. எனவே "சராசரிச் சம்பளம்" என்று யாராவது சொன்னால் அந்தச் சம்பளம் வாங்குகிற ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் பள்ளியிலிருந்து 500 வழக்கறிஞர்களுக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு எத்தனை பேர் போனார்கள் என்ற வரியை வைத்துத்தான் நீங்கள் எந்தக் குவியலுக்குப் போக வாய்ப்பு அதிகம் என்று கணிக்க முடியும்.

மூன்று வருடக் கணக்கைக் கையால் போடுங்கள்

இந்தப் படியில்தான் நான் எல்லாரையும் அதிக நேரம் உட்கார வைப்பேன். சித்தி மகளின் கணக்கையே சொல்கிறேன். முதலாண்டுக் கட்டணம் 58,000 டாலர். வருடம் 4% ஏறும் என்று வைத்துக்கொண்டால் இரண்டாம் ஆண்டு 60,320, மூன்றாம் ஆண்டு 62,733. தங்க, சாப்பிட, போக வர வருடத்துக்கு 24,000. ஸ்காலர்ஷிப் 35,000 நிலையானது.

கையிலிருந்து வேண்டிய பணம்: முதலாண்டு 47,000, இரண்டாம் ஆண்டு 49,320, மூன்றாம் ஆண்டு 51,733. மொத்தம் 1,48,053 டாலர்.

இப்போது முதலாண்டு முடிவில் ஜிபிஏ 2.95 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காலர்ஷிப் போய்விட்டது. இரண்டாம் ஆண்டுக்கு 84,320, மூன்றாம் ஆண்டுக்கு 86,733. மொத்தம் 2,18,053. அந்த 0.05க்கு விலை 70,000 டாலர்.

முன்பெல்லாம் இதைக் கேட்டு "சரி, கடன் வாங்கிக்கலாம்" என்று தோளைக் குலுக்கிவிடலாம். கிராட் ப்ளஸ் என்ற அமெரிக்க மத்திய அரசுக் கடன், பள்ளி சொல்லும் முழுச் செலவு வரை கொடுத்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு அந்தத் திட்டம் இல்லை. சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர், அவ்வளவுதான்.

மேலே உள்ள கணக்கை இந்த வரம்போடு வைத்துப் பாருங்கள். ஸ்காலர்ஷிப் இருந்தால் முதல் இரண்டு வருடமும் 50,000க்குள் அடங்கிவிடுகிறது, மூன்றாம் வருடம் 1,733 டாலர்தான் மேலே. ஸ்காலர்ஷிப் போனால் இரண்டாம் ஆண்டில் 34,320, மூன்றாம் ஆண்டில் 36,733 டாலருக்குத் தனியார் வங்கியிடம் போக வேண்டும். சொந்தமாகப் பெரிய வருமானம் இல்லாத மாணவருக்கு அவர்கள் பெரும்பாலும் இணைக் கையொப்பம் கேட்பார்கள். அந்தக் கையெழுத்து உங்கள் அப்பாவுடையதாக இருக்கும். அரசு வேலையிலோ லாப நோக்கமற்ற அமைப்பிலோ இருந்துகொண்டு 120 தவணை கட்டினால் மிச்சத்தைத் தள்ளுபடி செய்யும் திட்டம் மத்திய அரசுக் கடனுக்கு உண்டு, தனியார் கடனுக்குக் கிடையாது. மத்திய அரசுக் கடனும் ஒன்றும் மலிவு இல்லை. 2025-26இல் முதுநிலை, தொழிற்படிப்பு மாணவர்களுக்கு வட்டி 7.94%, படிக்கும்போதே ஏற ஆரம்பித்துவிடும்.

பெரிய பள்ளி என்ற கனவுக்கும் இதே தாளில் ஒரு பத்தி போடுங்கள். அங்கே ஸ்காலர்ஷிப் குறைவாகவோ இல்லாமலோ வரலாம். யேல், ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் மூன்றும் குடும்பத்தின் பணத் தேவையைப் பார்த்துத்தான் மானியம் தருகின்றன, மதிப்பெண்ணுக்காகத் தருவதில்லை. அப்பா அம்மா இருவரும் ஐ.டி.யில் நல்ல சம்பளத்தில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே என்ன வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயம் ஒன்று: கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகும் ஸ்காலர்ஷிப்புக்கு வருமான வரி இல்லை. தங்கும் செலவுக்குத் தருகிற பகுதிக்கு வரி உண்டு.

விடுவதற்கு முன் கேளுங்கள்

கேட்கக் கூச்சப்படுகிறோம். கொடுத்தவர்களிடம் இன்னும் கொடு என்று கேட்பது நம் வளர்ப்பில் இல்லை. ஆனால் அமெரிக்க லா ஸ்கூல்களில் இது சாதாரண நடைமுறை. பல பள்ளிகள் இதற்கென்றே ஒரு படிவம் வைத்திருக்கின்றன. ஸ்காலர்ஷிப் மறுபரிசீலனை என்று அதற்குப் பெயர். மறுபரிசீலனை கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்லும் பள்ளிகளும் உண்டு, அங்கே வற்புறுத்த வேண்டாம்.

மின்னஞ்சல் சின்னதாக இருக்கட்டும். உங்கள் பள்ளிக்கு வரவே விரும்புகிறேன். இன்ன பள்ளி இவ்வளவு தருவதாகச் சொல்லியிருக்கிறது, கடிதம் இணைத்திருக்கிறேன். வித்தியாசம் இவ்வளவு. இதைக் குறைக்க வழி உண்டா? இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். ஒப்பிடும் பள்ளி தரத்தில் அருகருகே இருக்க வேண்டும். எங்கோ கீழே இருக்கும் பள்ளியின் முழு ஸ்காலர்ஷிப்பைக் காட்டினால் எடுபடாது. இல்லாத ஆஃபரைச் சொல்லாதீர்கள், கடிதம் கேட்பார்கள்.

பணத்தைக் கூட்டித் தர மாட்டோம் என்றால் நிபந்தனையைத் தளர்த்தக் கேளுங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. என்னைக் கேட்டால், நிபந்தனையோடு வரும் 40,000 டாலரைவிட நிபந்தனை இல்லாத 35,000 மேல்.

இடம் கிடைத்தால் கண்டிப்பாகச் சேருவேன் என்று உறுதி கொடுக்கும் எர்லி டிசிஷனில் விண்ணப்பித்துத் தேர்வாகியிருந்தால் இந்தப் பேரத்துக்கே இடமில்லை. அடுத்த முறை விண்ணப்பிக்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

ஒரு வருடத்தில் என்ன மாறும்?

இப்போது அந்த முதல் கேள்வி. விண்ணப்பத்தில் பெரிய எடை உள்ளவை எல்சாட்டும் கல்லூரி ஜிபிஏவும்தான். முதல் இளநிலைப் பட்டம் வாங்கிய அன்றே, எல்சாட்டை நடத்தும் எல்சாக் அமைப்பு கணக்கிடும் ஜிபிஏ பூட்டப்பட்டுவிடும். அப்புறம் முதுநிலை படித்து 4.0 வாங்கினாலும் அந்த எண் அசையாது. இந்தியாவில் இளநிலை முடித்து வந்தவர்களுக்கு எல்சாக் எண்ணே தருவதில்லை, சராசரிக்கு மேல் என்பது போல ஒரு சொல்லில் மதிப்பிட்டு அனுப்பும். அவர்களுக்கு எல்சாட்டின் எடை இன்னும் கூடுகிறது.

ஆக, மாறக்கூடிய எண் ஒன்றுதான். எல்சாட் 120இலிருந்து 180 வரை. எத்தனை முறை எழுதினாலும் பள்ளிகள் தங்கள் மீடியன் கணக்கில் உங்கள் அதிகபட்ச மதிப்பெண்ணைத்தான் சேர்க்கின்றன. அதனால் திரும்ப எழுதுவதால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் அளவு உண்டு: மதிப்பெண் செல்லுபடியாகும் காலத்துக்குள் 5 முறை, வாழ்நாளில் 7 முறை. 2024 ஆகஸ்டிலிருந்து எல்சாட்டில் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. அந்தப் பகுதியால் மட்டும் மதிப்பெண் இழந்தவர்களுக்கு மறுபடி எழுத இது நல்ல காரணம். அதில் புள்ளி அள்ளியவர்களுக்கு நேர்மாறு.

ஏறுமா ஏறாதா என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது. நேரம் வைத்து எழுதிய கடைசி ஐந்து மாதிரித் தேர்வுகளின் சராசரியை எடுங்கள். அது 168, உண்மைத் தேர்வில் வந்தது 162 என்றால் அன்றைக்குக் காய்ச்சலோ பதற்றமோ ஏதோ ஒன்று கெடுத்திருக்கிறது. அந்த 6 புள்ளியை மீட்க முடியும். மாதிரித் தேர்விலும் 162, 163 என்றுதான் வந்தது என்றால், படிக்கும் முறையையே மாற்றாமல் ஒரு வருடம் காத்திருப்பது தேதியை மட்டும்தான் மாற்றும். இரண்டு மூன்று புள்ளி ஏற்ற இறக்கம் எந்தத் தேர்விலும் தானாகவே வரும், அதை நம்பி 1,05,000 டாலரை விட முடியாது.

ஏறும் என்று தோன்றினால், 509இல் குறித்த மீடியன்களை எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். பள்ளிகள் தங்கள் மீடியனைத் தூக்கிப் பிடிப்பவர்களுக்குத்தான் பணம் கொடுக்கின்றன. மீடியன் 165 உள்ள பள்ளியில் 164க்கும் 166க்கும் உள்ள தூரம் இரண்டு புள்ளி இல்லை, சில நேரம் பத்தாயிரக்கணக்கான டாலர். அதேபோல, ஏறிய பிறகும் நீங்கள் விரும்பும் பள்ளியின் மீடியனுக்குக் கீழேதான் இருப்பீர்கள் என்றால் அந்த ஏற்றம் அங்கே செல்லாது.

எல்சாட்டைத் தவிர இன்னொன்று மாற முடியும்: விண்ணப்பிக்கும் மாதம். சேர்க்கை வரிசை வரிசையாக நடக்கிறது. செப்டம்பரில் திறந்த உடனே போடுகிறவருக்குச் சீட்டும் பணமும் நிறைய மிச்சம் இருக்கும். நீங்கள் இந்த முறை பிப்ரவரியில் போட்டிருந்தால், அதே மதிப்பெண்ணோடு அக்டோபரில் போடுவதே ஓரளவு வித்தியாசம் தரலாம். வேலை அனுபவம் நல்லதுதான், ஆனால் ஒரு வருட வேலை மட்டும் பெரிய ஸ்காலர்ஷிப்பை வாங்கித் தராது.

விசாவில் இருப்பவர்களுக்கு

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு மத்திய அரசுக் கடன் கிடையாது, ஸ்காலர்ஷிப்பின் மதிப்பு அதனாலேயே கூடுதல். படிப்பு முடித்தபின் வேலை பார்க்கத் தரும் ஓபிடி அனுமதியில் இருந்தால் வேலை இல்லாமல் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது. "சும்மா வீட்டில் இருந்து எல்சாட் படிக்கிறேன்" என்பது குடியுரிமை உள்ள நண்பர்களுக்கு நடக்கும், உங்களுக்கு நடக்காது. முடிவெடுப்பதற்கு முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

நடுவழிகள்

ஒத்திவைப்பு கேட்கலாம். சீட்டை ஒரு வருடம் தள்ளிப் போடுவது. பல பள்ளிகள் காரணம் கேட்கும், ஒத்துக்கொண்டால் வேறு எங்கும் விண்ணப்பிக்க மாட்டேன் என்று எழுதியும் வாங்கும். ஸ்காலர்ஷிப்பும் கூடவே நகருமா என்பதை எழுத்தில் வாங்காமல் சம்மதிக்காதீர்கள்.

சீட்டை உறுதி செய்ய டெபாசிட் கட்டிவிட்டு, ஜூன் எல்சாட் எழுதி, வெயிட்லிஸ்டில் உள்ள பள்ளிகளுக்குப் புது மதிப்பெண்ணை அனுப்புவது இன்னொரு வழி. நடக்கும், ஆனால் அந்த நேரத்தில் பணம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

முதலாண்டு நன்றாக எழுதிப் பெரிய பள்ளிக்கு மாறிவிடலாம் என்பார்கள் சிலர். இதை நம்பி ஒரு பள்ளியில் சேராதீர்கள். வளைவில் மேலே வருவது உறுதியில்லை, மாறி வருகிறவர்களுக்கு ஸ்காலர்ஷிப் கிடைப்பதும் அபூர்வம். மூன்று வருடமும் அங்கேயே இருக்கச் சம்மதமா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று மனசு சொன்னால், எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது உங்களுக்கான பள்ளி இல்லை.

முடிவு செய்த பிறகு

டெபாசிட் தேதிகள் பெரும்பாலும் ஏப்ரல் மத்தியிலிருந்து மே தொடக்கம் வரை. இரண்டாவது டெபாசிட் ஜூனில் வரலாம். அவகாசம் வேண்டும் என்றால் தேதிக்கு முன்பே கேளுங்கள், ஒரு வாரம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தேதி கடந்து கேட்டால் சீட்டும் இருக்காது.

விடுவது என்று முடிவானால், இரண்டு வரியில் நன்றி சொல்லி விலகல் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பதில் சொல்லாமல் மறைந்துபோக வேண்டாம், அடுத்த வருடம் அதே அலுவலகத்தின் கதவைத் தட்ட வேண்டி வரலாம். மறுபடி விண்ணப்பிக்கும்போது முன்பு விண்ணப்பித்தீர்களா என்று பல பள்ளிகள் கேட்கும், மறைக்காதீர்கள். பழைய கட்டுரையை அப்படியே அனுப்பாமல் புதிதாக எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் கொடுத்த பேராசிரியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

சித்தி மகளின் கடைசி ஐந்து மாதிரித் தேர்வின் சராசரி 163. உண்மைத் தேர்வில் 162. தாளில் எழுத அவளுக்கு எண் கிடைக்கவில்லை. கூடுதல் பணம் கேட்டாள், இல்லை என்றார்கள். நிபந்தனையைப் பற்றிக் கேட்டபோது எட்டு நாள் பதில் இல்லை. ஒன்பதாம் நாள் திருத்திய கடிதம் வந்தது: 3.0 என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு "குட் ஸ்டாண்டிங்" என்று போட்டிருந்தார்கள். அன்று இரவே டெபாசிட் கட்டிவிட்டு ரசீதை எனக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வரி: "அக்கா, மூணாவது பத்தியை நானே ரெண்டு தடவை படிச்சுட்டேன்."